நாலு நிமிஷம் பதினோரு விநாடி

சபாவில் விஜயராகவனுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தவர்கள் பாவம். பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு ஸ்வரம் நீட்டுவதற்குள் இவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். நாற்பது வருஷத்தில் தப்பாகச் சொன்னது மூன்று தடவையோ நான்கு தடவையோதான். பெயர் சொல்லியாகிவிட்டதென்றால் அதன் பிறகு அவருக்கு அங்கே வேலை கிடையாது. கண்ணை மூடிக்கொள்வார். தலை ஆடும். அது தாளத்துக்கு ஆடுகிறதா, தூக்கத்துக்கு ஆடுகிறதா என்பது அவர் மனைவி வேதவல்லிக்கு மட்டுமே தெரியும்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே முடிவு இன்னதென்று தெரிந்துவிடும் என்று ஆபீஸில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் கஷ்டம். மந்தைவெளியில் அந்த இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை.

மகள் அனுப்ரியா கல்யாணமாகிப் பெருங்குடிக்குப் போன மறுவருஷம், ஐம்பத்தாறு வயது வேதவல்லி ஒரு நாள் கறுப்பு உறை போட்ட கிட்டாரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். விஜயராகவன் இரண்டு நாள் சிரித்தார். ஒன்றுவிட்ட தம்பி அனந்தராமனைப் போனில் கூப்பிட்டு, மன்னி பாப் ஸ்டாராகப் போகிறாள் என்று சொல்லி அவனையும் சிரிக்கவைத்தார். வேதவல்லியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சனிக்கிழமை காலை ஆழ்வார்பேட்டை க்ளாஸுக்குப் போய்வந்தாள். தினம் மத்தியானம் நாலு மணிக்கு, அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து, அனுப்ரியாவின் பழைய அறையில் உட்கார்ந்து வாசித்துப் பழகினாள்.

ஒரு வருஷம் வெறும் கார்டுகள்தான், அதாவது மூன்று நாலு ஸ்வரத்தைச் சேர்த்து ஒரே மீட்டாக மீட்டுவது. ஒரு நாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்து அவர் எதிரில் நின்றாள். அப்படி அவள் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் கேளுங்கோ. மேஜர் பென்டடானிக்காம். இந்த அஞ்சை வெச்சிண்டு நாமளே மனசுக்குத் தோணினபடி சோலோ வாசிக்கலாமாம்."

மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு தடவை வாசித்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ச ரி க ப த. மோகனம். இதைத் தெரிஞ்சுக்கவா ஆழ்வார்பேட்டைக்குப் போயிண்டிருக்கே?"

ஆமாம், மோகனம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் நாலு மணிக்கு அந்த அறைக் கதவு சாத்தியிருக்க ஆரம்பித்தது. நம் தூக்கம் கெடக்கூடாதென்று எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டு அவர் புரண்டு படுத்தார்.

எட்டு மாதம் கழித்து வியாதி வந்தது. அடையாறு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஐந்து மாதம் அலைந்தார்கள். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது விரல் நுனிகள் நாலும் காய்ப்புக் காய்த்துப்போயிருப்பது தட்டுப்பட்டது. மருந்தினால் வந்ததோ என்று பதறி நர்ஸைக் கூப்பிடப் போனார். வேதவல்லி வேண்டாமென்று தலையாட்டினாள். கிட்டார்க் கம்பி பண்ணின வேலை, இப்போது வாசிக்காததனால் உரிந்துகொண்டு வருகிறது என்றாள். முப்பத்து நாலு வருஷமாகப் பிடித்த கை. அதில் ஒன்றரை வருஷமாக இருந்த காய்ப்பு தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாசியில் அவள் போய்விட்டாள்.

போன பிறகுதான் நாலு மணி தொந்தரவு ஆரம்பித்தது. எவ்வளவு அசந்து தூங்கினாலும் நாலடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது விழிப்புத் தட்டிவிடும். அறைக் கதவு திறந்தே கிடக்கும். ஃபேன் ஓடாது. அவர் கூரையைப் பார்த்தபடி படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தூங்கியிருக்கிறோம், அது இல்லாததனால்தான் முழிப்பு வருகிறது என்று புரியவே சில வாரங்கள் ஆயின. அவள் கம்பி மீட்டும் முக்கோணச் சில்லுகள் வேறு வீடு முழுக்கக் கிடைத்தன. சஹஸ்ரநாமப் புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒன்று, கைப்பைக்குள் ஒன்று, காய்கறி நறுக்கும் பலகைக்கு அடியில் ஒன்று. ஒவ்வொன்று அகப்படும்போதும் இப்போதுதான் வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறாள் என்று தோன்றும். தோன்றியதும் திரும்பிப் பார்ப்பார்.

மாதாமாதத் திதியில் மூன்றாம் மாசிகம் முடிந்த வாரம், கேஸ் கனெக்‌ஷனில் பெயர் மாற்ற அவள் நம்பருக்கு ஓடிபி வரும் என்றார்கள். அணைத்து வைத்திருந்த அவள் போனை சார்ஜ் போட்டுத் திறந்தார். அதில் 'ஹோம்வொர்க்' என்ற பெயரில் ஒரே ஒரு ஒலிப்பதிவு இருந்தது. நாலு நிமிஷம் பதினோரு விநாடி.

அழுத்தினார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்," என்றாள் வேதவல்லி. கார்டுகள் மெள்ள நடக்க ஆரம்பித்தன. "இப்போ ஈ மைனர்," என்று அடுத்த கார்டின் பெயரைச் சொன்னாள். நாலு எண்ணிக்கை கழித்து, "இப்போ ஸி." அப்புறம், "இப்போ டி." பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியும், அவருக்காகச் சொல்கிற மாதிரியும் சொல்லிக்கொண்டே போனாள். நாற்பதாவது விநாடியில் நிறுத்தினார்.

நிறுத்திய பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது பயம். மிச்சத்தையும் கேட்டுவிட்டால் அவள் புதிதாகப் பேச இனி ஒரு வார்த்தைகூட இந்த உலகத்தில் பாக்கி இருக்காது. கேட்காதவரை இன்னும் மூன்றரை நிமிஷம் வேதவல்லி மீதி இருக்கிறாள்.

அனுப்ரியாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதும் அவள் உடனே அனுப்பச் சொன்னாள். வருஷம் முடிந்து வருஷாப்தீகம் ஆகட்டும், அன்றைக்குத் தருகிறேன் என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். பதில் அவருக்கே அந்த வாரம்தான் அகப்பட்டது. அது ஹோம்வொர்க். கார்டை வாசித்துப் பதிவு பண்ணி வைத்துக்கொண்டு அதன் மேல் சோலோ வாசிக்க வேண்டும். அவள் கார்டு வரைக்கும் முடித்திருக்கிறாள். மேலே வாசிக்க ஆள் வரவில்லை. அதை நாம் வாசிப்போம், வாசித்துக்கொண்டே கடைசிவரை போவோம், அதுவரை கேட்பதில்லை. இப்படி அவர் தனக்குத் தானே விதித்துக்கொண்டார்.

வருஷத் தீட்டில் இருக்கிறவர், சபாப் பக்கம்கூட எட்டிப் பார்க்காதவர், சனிக்கிழமை காலையில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தை ஒட்டி நடந்துபோவதைப் பார்த்து அனந்தராமன் அண்ணாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னான். இந்தத் தடவை சிரிப்பு இவர் பக்கம் திரும்பியிருந்தது.

வேதவல்லிக்குச் சொல்லிக்கொடுத்த பிரசாத்துக்கு இருபத்தேழு வயது. நொச்சிக்குப்பத்துப் பையன். அம்மா அந்தோணியம்மாள் மீன் விற்கிறாள். இவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறான், மற்ற நாளில் ஒரு கண்ணாடிக் கடை மாடியில் க்ளாஸ் எடுக்கிறான். விஜயராகவன் போனை நீட்டி முதல் நாற்பது விநாடியை மட்டும் போட்டுக் காட்டினார். பிரசாத் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். வாயால் சொல்லிக்கொண்டே பதிவு பண்ணச் சொன்னது நான்தான் என்று சொன்னான்.

அவருக்குக் கார்டெல்லாம் வேண்டாம், அந்த ஐந்து ஸ்வரம் போதும். வீணை மெட்டு மாதிரி கிட்டார்க் கழுத்தில் இருக்கும் ஃப்ரெட்டுகளில் இரண்டாவதிலிருந்து ஐந்தாவதுக்குள் ஆறு கம்பியிலும் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பிரசாத் காட்டினான். விரல் வலித்தது, நுனி கன்றியது, ஆனாலும் இரண்டே மாதத்தில் மேலும் கீழும் ஓடக் கற்றுக்கொண்டுவிட்டார். மோகனம் அவருக்கு அத்துப்படி. கம்பியை இழுத்து அசைத்து, காந்தாரத்தில் நின்று, ஷட்ஜத்தில் வந்து சேர்ந்தால் ஒரு கச்சேரிக்குண்டான களை. பிரசாத் அசந்துபோவான் என்று நினைத்து, அவன் கார்டு வாசிக்க, இவர் மேலே ஒரு ஆலாபனையே செய்தார்.

பிரசாத் கார்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிக்கிறது எல்லாம் கரெக்டாத்தான் கீது. ஆனா கீழ இன்னா நடக்குதுன்னு நீங்க கேக்கவே மாட்றீங்க. நான் மாத்திக்கினே போறேன், நீங்க நின்ன எடத்துலயே நின்னுக்கினு கீறீங்க."

தம்பூரா மாறுமா என்று இவர் கேட்டார். ஒரு ஷட்ஜம், ஒரு பஞ்சமம், கச்சேரி முடியும்வரை அதுதான் வீடு. இதிலே மாறாது சார், இதிலே மாறும் என்றான் அவன். ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடியில் கார்டை மட்டும் மாற்றிக் காட்டினான். தைவதம். அடியில் ஸி வந்தபோது அது சிரித்தது. ஈ மைனர் வந்தபோது அதே ஸ்வரம், அதே விரல், நெஞ்சை அடைத்தது. ஜி வந்தபோது எங்கேயோ கிளம்பத் தயாராக நின்றது. அவருக்குத் தெரிந்த எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

இரண்டு வாரம் வாசிக்கவே கூடாது என்றான் பிரசாத். அவன் கார்டு வாசிப்பான், மாறும்போது இவர் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் கச்சேரி கேட்ட காது அது. அந்த ஆயிரம் கச்சேரிக் காதுக்கு ஜி எது, ஈ மைனர் எது என்று பிடிபடவில்லை. முதல் நாள் பத்துக்கு ஏழு தப்பு. அடுத்த மேஜையில் யூகுலேலே என்ற குட்டிக் கிட்டார் கற்கவந்த ஆஃப்ரீன் என்ற கல்லூரிப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து கிட்டாரை மூலையில் சாத்திவிட்டு, இனி போவதில்லை என்றிருந்தார். மறுநாள் நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது விழிப்பு வந்தது. எழுந்துபோய் அனுப்ரியாவின் அறையில், வேதவல்லி உட்காரும் நாற்காலியில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று முதல் தினமும் அதுதான். போனை மேஜையில் வைப்பார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்." கூடவே கிளம்புவார். எங்கேயாவது கார்டு மாறிய பிறகும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் உடனே நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நாற்பது விநாடி ஐம்பதாயிற்று. ஒரு நிமிஷமாயிற்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புது வேதவல்லி கிடைத்தாள். ஓரிடத்தில் அவள் லேசாக இருமினாள். ஓரிடத்தில் விரல் வழுக்கி, "ராமா," என்று முணுமுணுத்தாள். ஒன்றரை நிமிஷத்தில் வெளியே காய்கறி வண்டிக்காரன் குரல் வந்தது, அவள் அதற்கும் சேர்த்துத் தாளம் தப்பாமல் நடந்தாள். அவர் இருமலுக்கு இடம் விட்டு வாசிக்கப் பழகினார். அவள் வாய் பேசும்போது தன் விரலைச் சும்மா வைத்துக்கொள்ளப் பழகினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது.

பத்தாம் மாசிகத்தன்று பிண்டத்துக்கு எள்ளைப் பிசையும்போது இடது கை விரல்களில் எள் படுவது தெரியவில்லை. பார்த்தார். நுனிகள் நாலும் காய்த்திருந்தன. ஆஸ்பத்திரியில் தொட்ட அதே கை தன் மணிக்கட்டின் முனையில் இருப்பது போலிருந்தது. வாத்தியார் இரண்டு முறை மந்திரம் சொல்லியும் இவர் திருப்பிச் சொல்லவில்லை.

அனுப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. தரமணி ஆபீஸிலிருந்து நேரே வந்தவள் கதவு சாத்திய அறைக்கு வெளியே நின்று அம்மாவின் குரலைக் கேட்டாள். இவர் உடனே நிறுத்திவிட்டார். அவள் கதவைத் திறந்தாள்.

"அம்மா உங்களுக்கு மட்டும் அம்மா இல்லப்பா. எனக்கும் அந்தக் குரல் வேணும். இப்படிப் பூட்டி வெச்சிண்டு தினம் தினம் கொஞ்சமா எடுத்து அனுபவிக்கறேளே, இது என்ன நியாயம்?"

அவர் நியாயம் பேசவில்லை. இன்னும் முடிக்கவில்லை, இரண்டு நிமிஷம் நாற்பதுதான் வந்திருக்கிறது, வருஷாப்தீகத்துக்குள் முடித்துவிடுவேன் என்றார். அவள் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். க்ளெய்ம் கேட்டு வந்தவர்களையெல்லாம் ஒரு கையெழுத்தில் முடித்து அனுப்பிய மனுஷர், நாலு நிமிஷத்தை முடிக்க இத்தனை மாதம் எடுத்துக்கொண்டது அவளுக்கு எப்படிப் புரியும்?

வருஷாப்தீகத்துக்கு முந்தின நாள். மறுநாளைக்கு வேண்டியதைப் பார்க்க அனுப்ரியா சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். நாலு மணிக்கு அவர் உட்கார்ந்தார். அன்று என்னவோ கை தானாகப் போயிற்று. ஈ மைனரில் அவள் போன இடத்துக்கு அவரும் போனார், ஸியில் அவளோடு திரும்பினார், இருமலுக்கு நின்றார். இரண்டு நாற்பது தாண்டியது. மூன்று நிமிஷம் தாண்டியது. இது புது இடம். வேதவல்லியின் கை நன்றாக இளகி, தெம்பாக விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவள் இத்தனை சந்தோஷமாக இருந்து அவர் கேட்டதில்லை.

"வேதா! டீவி ரிமோட்டை எங்கே வெச்சே?"

ஹாலிலிருந்து ஒரு ஆண் குரல். அவர் கை சட்டென்று நின்றுவிட்டது. கதவைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது.

போனில் கார்டும் நின்றிருந்தது. உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிய சத்தம். "இதோ வரேன்னா," என்றாள். நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு யாருமில்லாத அறை. ஃபேன் ஓடிற்று. காக்கை கத்திற்று. தூரத்தில் டீவி போட்ட சத்தம். அதைப் பார்த்து அவர் சிரித்த சத்தம். ஒரு நிமிஷம் முழுக்க அந்தக் காலி அறை ஓடியது. கடைசியில் செருப்பில்லாத காலடி உள்ளே வந்தது, பக்கத்தில் வந்து நின்றது, ஒரு மூச்சு விட்டது, பதிவு முடிந்தது. அவள் மறுபடி வாசிக்கவில்லை.

அவமானம் என்றால் அதுதான் அவமானம். அன்றைக்கு ஏன் தூங்காமல் டீவி பார்த்தார், ரிமோட் எங்கே இருந்தது என்றுகூட அவருக்கு இப்போது நினைவில்லை. பெரும்பாலும் அவர் மடியிலேயே இருந்திருக்கும். நாலு நிமிஷம் பதினோரு விநாடியில் தன் பங்கு அது ஒன்றுதான். மூன்று நிமிஷம் ஏழு விநாடியோடு வெட்டிவிடலாம் என்று தோன்றியது. பிரசாத்திடம் கொடுத்தால் ஒரு நொடி வேலை. அனுப்ரியாவுக்குத் தெரியவே தெரியாது. போனைக் கையில் எடுத்தார். அப்போது வாசல் மணி அடித்தது.

அனுப்ரியா வாழை இலைக் கட்டோடு வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்து, என்னப்பா என்றாள். அவர் அவளை அறைக்கு அழைத்துப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்துக்கொண்டார். சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டுப் போனை அழுத்தினார்.

ஒன், டூ, த்ரீ, ஃபோர். அனுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் வந்தது, ராமா வந்தது, காய்கறி வண்டி போயிற்று. அவர் பல இடத்தில் தப்பு விட்டார், ஆனால் நிறுத்தவில்லை. மூன்று நிமிஷம் ஏழு விநாடியில் அந்தக் குரல் ரிமோட்டைக் கேட்டது. அனுப்ரியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவள் பார்வையை வாங்கிக்கொண்டார், தலையைக் குனிந்துகொள்ளவில்லை. இதோ வரேன்னா என்று வேதவல்லி எழுந்து போனாள்.

அவர் போகவிட்டார். ஆனால் விரலை எடுக்கவில்லை. அடியில் கார்டு இல்லை, ஃபேன் மட்டும்தான். இப்போ ஈ மைனர் என்று அவருக்குக் கேட்டது. ஈ மைனருக்குப் போனார். இப்போ ஸி. ஹாலில் அந்த மனுஷன் டீவியைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும். இப்போ டி. காலி அறையில் தன்னந்தனியாக ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு, அவள் எங்கெங்கே மாறியிருப்பாளோ அங்கெல்லாம் மாறி மாறி, ஒரு நிமிஷம் முழுக்க வாசித்தார். போனில் செருப்பில்லாத காலடி வாசலருகே கேட்டது.

வேதவல்லி அறைக்குள் வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.